இரும்பு குடித்த நீர்

கானப்பேர் எயில் வீழ்ந்துவிட்டது. ஆழமான அகழி இருந்தது, உயரமான மதில் இருந்தது, சுற்றிலும் வெயில் புகாத காவற்காடு இருந்தது. இருந்து என்ன பயன்? பாண்டியன் உக்கிரப்பெருவழுதி படையோடு வந்தான், கோட்டையைக் கைக்கொண்டான். கோட்டைக்குரிய வேங்கை மார்பன் கலங்கி நின்றான், இனி மீட்பதெங்கே என்று.

அந்தக் கலக்கத்தைப் பாட வந்த புலவர் ஐயூர் மூலங்கிழார், உவமை தேடி எங்கே போனார்? வைகுண்டத்துக்கா? கைலாயத்துக்கா? இல்லை, தோழர்களே! கொல்லனின் உலைக்களத்துக்குப் போனார். செந்தீயில் காய்ந்த இரும்பு, தன்மேல் பட்ட நீரைக் குடித்துவிடுகிறது. அந்த நீரைத் திரும்பப் பெற முடியுமா? அதனினும் அரிது இழந்த கோட்டையை மீட்பது என்றார். புறநானூற்றின் 21ஆம் பாட்டிலே இதனைக் காணலாம்.

கானப்பேர் என்பது சிவகங்கைக்குக் கிழக்கே உள்ள இன்றைய காளையார்கோயில்தான் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். காரைக்குடித் தோழர்கள் தேவகோட்டை வழியாகப் பேருந்தில் போகிற ஊர். அந்த ஊருக்குக் கோட்டை இழப்பது புதிதன்று. 1772இல் முத்துவடுகநாதர் அங்கேதான் ஆங்கிலேயர் குண்டுக்குப் பலியானார். 1780இல் வேலுநாச்சியார் படை திரட்டி வந்து சீமையை மீட்டார். புலவர் சொன்ன 'மீட்க அரிது' என்ற வாக்கை ஒரு பெண்மணி பொய்யாக்கிக் காட்டினார் என்று எண்ணி மகிழ்கிறேன். 1801 அக்டோபரில் மீண்டும் கோட்டை போயிற்று. அதே திங்கள் 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

அரசியல் வரலாறு இவ்வளவு போதும். நான் பேச வந்தது கோட்டையைப் பற்றியன்று, அந்த நீரைப் பற்றி. காய்ந்த இரும்பு நீரில் விழும் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது? அதைப் பற்றி உலகம் என்னென்ன கதை கட்டிற்று? எப்போது உண்மையைக் கண்டது? நம்மவர் கையில் இருந்த அறிவு ஏன் நம் ஏட்டில் ஏறவில்லை?

இரும்பின் தொன்மை பற்றி இப்போது நாட்டில் பெரும் பேச்சு. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014-15இல் நடுவண் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வும், பின்னர்த் தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்த அகழாய்வும் வைகைக் கரையின் வாழ்வைத் தோண்டி எடுத்துக் காட்டின. 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்போடு கிடைத்த பொருள்களின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, மேடையில் முழங்குவதற்கு முன்னால் உரைகல்லில் உரசிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். எதிரி சொன்னால் சான்று கேட்போம், நம்மவர் சொன்னால் கைதட்டுவோம் என்பது பகுத்தறிவாகாது. அந்தக் கணக்கை உலக அறிஞர்கள் உரசிப் பார்க்கட்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இரும்பை அறிந்ததும் எஃகை அறிந்ததும் ஒன்றல்ல. இரும்பு வளையும், எஃகு வெட்டும். நெருப்பிலும் நீரிலும் பதப்படுத்தத் தெரிந்தவனிடத்தில்தான் எஃகு எஃகாக நிற்கும். அந்தப் பதப்படுத்தலைத்தான் நம் பட்டறைகளில் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் சொல்வார்கள்.

கத்தியைக் காய்ச்சி எதிலே தோய்ப்பது? இந்தச் சிறு கேள்விக்கு 6ஆம் நூற்றாண்டில் உச்சயினியில் இருந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்கிதையில் விடை சொல்லியிருக்கிறார். வாளின் இலக்கணம் கூறும் அத்தியாயம் அது. ஒளிமிக்க செல்வம் வேண்டுவோன் குருதியில் தோய்க்கவேண்டுமாம். நல்ல பிள்ளை வேண்டுவோன் நெய்யில் தோய்க்கவேண்டுமாம். அழியாப் பொருள் வேண்டுவோன் நீரில் தோய்க்கவேண்டுமாம். தீய வழியில் பொருள் தேடுவோனுக்குப் பெண்குதிரையின் பால், ஒட்டகத்தின் பால், யானையின் பால்! வாளில் இத்தனையாவது விரலளவில் தழும்பிருந்தால் இன்ன பலன் என்று நீண்ட பட்டியல் வேறு. பிள்ளைப்பேற்றுக்கும் வாளுக்கும் என்ன உறவு? நெய்க்கும் மகனுக்கும் என்ன தொடர்பு? கேட்டவர் உண்டா? யானையிடம் பால் கறக்கப் போனவன் கதி என்னவாயிற்று என்றாவது யாரேனும் எழுதி வைத்திருக்கலாம்!

நகைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். அதே அத்தியாயத்தில், வாழைச் சாம்பலின் காரத்தை மோரில் கலந்து ஒருநாள் வைத்து, அதிலே தோய்த்த வாள் கல்லில் பட்டாலும் உடையாது, பிற இரும்பில் பட்டாலும் மழுங்காது என்றும் இருக்கிறது. இதைச் சொன்னவன் உலைக்களத்தில் நின்றவனாக இருக்கவேண்டும். வாழைச் சாம்பலில் சாம்பருப்பு மிகுதி. உப்புக் கரைந்த நீர் வெறும் நீரைவிட விரைவாக இரும்பைக் குளிர்விக்கும். செக்கச் சிவந்த இரும்பை நல்ல தண்ணீரில் இட்டால் உடனே அதைச் சுற்றி ஆவியாலான போர்வை ஒன்று படிந்துகொள்கிறது. போர்வைக்குள் இரும்பு இதமாக இருக்கிறது, குளிர்ச்சி தாமதமாகிறது. உப்புநீரிலோ அந்தப் போர்வை சிதறிப்போகிறது. வராகமிகிரர் சோதிடம் எழுதிய ஏட்டில், எவனோ பெயர் தெரியாத கொல்லன் சொன்ன உண்மை ஒன்று சிக்கிக் கிடக்கிறது. வடமொழியிலும் தோய்த்தலை 'குடிப்பித்தல்' என்ற பொருளில்தான் சொல்லியிருக்கிறார்கள். உஞ்சைக்கும் கானப்பேருக்கும் ஆயிரம் கல் தொலைவு. கொல்லர்களின் பேச்சு மட்டும் ஒன்றாக இருக்கிறது.

இந்த மடமை நம் நாட்டுக்கே உரியது என்று மேல்நாட்டுப் பித்தர்கள் எண்ணவேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் செருமானிய நாட்டுத் துறவி தியோபிலசு தொழில்நூல் ஒன்று எழுதினார். அரம் முதலிய கருவிகளைக் கடினப்படுத்த, ஆட்டுக் கிடாயை மூன்று நாள் கட்டிவைத்துப் பின் பெரணி இலையைத் தின்னக் கொடுத்து அதன் சிறுநீரைப் பிடித்து அதிலே தோய்க்கச் சொன்னார். இல்லாவிட்டால் செம்பட்டைத் தலைமயிர்ச் சிறுவனின் சிறுநீர் நல்லது என்றார்! ஆடு அங்கே, யானை இங்கே. ஆனால் சிறுநீரில் உப்பு உண்டு. சிறுவனின் தலைமயிர் எந்த நிறமாக இருந்தாலும் உப்பு உண்டு. தமாசுக்கசு வாளை அடிமையின் உடலில் குத்திப் பதப்படுத்தினார்கள் என்ற கொடூரக் கதை ஒன்று இன்றும் உலவுகிறது. மனித உடல் இரும்பைக் குளிர்விக்கத் தண்ணீர்த் தொட்டியைவிட மோசமான பொருள். தொழில் தெரிந்த எவனும் அதைச் செய்யான். தொழில் தெரியாதவன் கட்டிய கதை அது.

உண்மை என்ன? இரும்பில் கலந்திருக்கும் கரிதான் எஃகின் உயிர். சுவீடன் அறிஞர் பெர்க்மன் 1781இலும், பிரெஞ்சு அறிஞர்கள் வாண்டர்மாண்டு, பெர்த்தொலே, மாஞ்சு மூவரும் 1786இலும் இதனைக் கண்டு சொன்னார்கள். நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாகக் கரி இருந்தால் அது மெல்லிரும்பு. எதிலே தோய்த்தாலும் கூர் நிற்காது. அரைப் பங்கு, முக்கால் பங்கு, ஒரு பங்கு என்று கரி ஏறினால் எஃகு. சாதாரண நிலையில் இரும்பின் அணுக்கள் ஒருவகைக் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் கரி நுழைய இடமில்லை. ஏறத்தாழ 727 பாகை வெப்பத்தைத் தாண்டியதும் அடுக்கு மாறத் தொடங்குகிறது. புதிய அடுக்கில் கரிக்கு இடம் கிடைக்கிறது, உள்ளே புகுந்துகொள்கிறது. மெல்லக் குளிரவிட்டால் கரி வெளியேறிவிடும். திடீரென்று குளிர்வித்தாலோ, வெளியேற நேரமின்றிக் கரி உள்ளேயே சிறைப்பட்டுப் போகிறது. அந்தச் சிறைவாசத்தின் நெருக்கமே கடினம். செபீல்டு நகரத்துச் சார்பி 1863இல் எஃகை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். பிறகு வந்த செருமானிய அறிஞர் மார்ட்டென்சின் பெயரால் இந்தக் கடின நிலை 1895 முதல் மார்ட்டென்சைட்டு எனப்படுகிறது.

கடினம் மட்டும் போதுமா? போதாது. அந்நிலையில் எஃகு கண்ணாடிபோல் உடையும். ஆகவே மீண்டும் 200 முதல் 300 பாகை வரை இளஞ்சூடு காட்டவேண்டும். துலக்கிய எஃகின்மேல் அப்போது நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். விறகு வெட்டும் அரிவாளுக்கு இன்னும் சற்று ஓடவிடவேண்டும். நீலம் ஓடிவிட்டால் அது வில்லாகும், வாய் மடங்கும். நம் நாட்டுப்புறக் கொல்லர் பலரும் இதற்கு இரண்டாவது நெருப்பே மூட்டுவதில்லை. அரிவாளின் வாயை மட்டும் நீரில் காட்டி எடுப்பார்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி ஓடிவரும். நிறம் ஓடிவருவதைப் பார்த்திருந்து, வேண்டிய நிறம் வாயை எட்டியதும் முழுவதையும் நீரில் அமிழ்த்துவார்கள். வாய் கடினம், முதுகு மிருது! வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை, கல்லூரிப் பட்டம் இல்லை. கண் ஒன்றே கருவி.

இதைப் படித்து அறிந்தவனாகிய நான், ஒருமுறை அறிவைச் செயலில் காட்டப் புறப்பட்டேன். பொழுதுபோக்காகக் கத்தி செய்யும் இளைஞர்கள் இப்போது ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்; அவர்களுள் ஒருவரோடு சேர்ந்துகொண்டேன். பழைய லாரி வில்பட்டை ஒரு துண்டை வாங்கி, அறுத்து, அராவி, அடுப்புக்கரியில் காய்ச்சினோம். சிவப்பு போதாதென்று மஞ்சளாகும்வரை துருத்தி ஊதினோம். பழந்தமிழர் முறைப்படி நீரில்தான் தோய்க்கவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். தோய்த்தோம். சீறல் அடங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தியின் வாயிலிருந்து பாதி அகலத்துக்கு மயிரிழைபோல் ஒரு விரிசல். கையால் அழுத்தினேன், இரண்டாக உடைந்தது.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு திருப்பாச்சேத்திப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் இடையில், பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். அரிவாளுக்குப் பேர்போனது. பட்டறைப் பெரியவர் உடைந்த முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பதப்பட்ட எஃகு உடைந்தால் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் இருக்கும். எங்கள் துண்டோ சர்க்கரையைக் கொட்டியதுபோல் மின்னியது.

"இரும்பக் காய்ச்சச் சொன்னா வறுத்துப்புட்டியே தம்பி!" என்றார்.

"தண்ணியிலதானய்யா தோய்க்கணும்?" என்றேன்.

"எந்த இரும்பு, எந்தத் தண்ணிங்கிறது இருக்குல்ல? இது லாரிப் பட்டை. இதைக் கொண்டுபோயித் தண்ணியில முழுசா முக்குனா சும்மா இருக்குமா? வாயை மட்டும் காட்டி எடுக்கணும். இல்லேன்னா எண்ணெயில போடணும்."

அவர் சொன்ன மூன்று சொற்றொடரில் உலோகவியல் பாடம் ஒன்று அடங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் காய்ச்சினால் எஃகின் மணிகள் பருத்துவிடும். பருத்த மணிகளுக்கிடையே விரிசல் எளிதாக ஓடும். அது முதற்பிழை. வில்பட்டை எஃகில் கரி ஏறத்தாழ அரைப் பங்குக்குச் சற்று மேல். அதோடு சிலிக்கன், மாங்கனீசு, குரோமியம் முதலியன வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கும். அவை இருப்பதால் எண்ணெயின் மெதுவான குளிர்ச்சியிலேயே அது முழுவதும் கடினமாகிவிடும். நீரின் கடுங்குளிர்ச்சியைத் தாங்காது. இரண்டாவது பிழை அது. பழந்தமிழர் இரும்புக்கு நீர் வேண்டியிருந்தது, ஏனெனில் அதிலே இந்தக் கலப்புகள் இல்லை. பாட்டன் காலத்து விதியைப் பேரன் காலத்துப் பொருளின்மேல் காரணம் கேளாமல் ஏற்றினேன், பொருள் வெடித்தது. வேறு எந்தெந்தத் துறையில் இப்படி வெடிக்கிறது என்று தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "உச்சி வெயில்ல நான் துவைச்சல் போடமாட்டேன். எங்கப்பா போட்டதில்லை." சாத்திரமோ என்று சற்று ஐயுற்றேன். இல்லை. வெயிலில் சிவப்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. குறைவாகத் தெரிவதால் மேலும் காய்ச்சிவிடுவோம். நிழலிலும் அந்தி வெளிச்சத்திலும்தான் நிறம் உண்மை பேசும். காரணத்தோடு பிறந்த பழக்கம். காரணம் உதிர்ந்து பழக்கம் மட்டும் மகனுக்கு வந்திருக்கிறது. கையிலே ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். ஏறத்தாழ 770 பாகையில் இரும்பு காந்தத்துக்கு வசப்படாமல் போகும். அதற்குச் சற்று மேலே தோய்ச்சலுக்குரிய பதம். அவர் உலையைப் பார்த்து "இப்ப" என்றார். காந்தத்தைக் காட்டினேன். ஒட்டவில்லை. சற்றுமுன் காட்டியபோது ஒட்டியது. அவர் சிரிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை, வேலையைப் பார்த்தார்.

எங்களைப்போல் வறுத்துக் கெடுத்தவர்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். தென்னாட்டில் மூசையில் உருக்கிய எஃகு, 'ஊட்சு' என்ற பெயரோடு இலண்டனுக்குப் போயிற்று. கன்னடத்தாரும் தெலுங்கரும் சொல்லும் 'உக்கு' என்ற சொல்லின் திரிபே அது என்பர், தமிழில் உருக்கு. பம்பாயிலிருந்து மருத்துவர் ஸ்காட்டு அனுப்பிய கட்டிகளைப் பியர்சன் ஆராய்ந்து 1795இல் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். ஆங்கிலக் கொல்லர்கள் தம் நாட்டு இரும்பைக் காய்ச்சுவதுபோல் அதனை வெண்மை வரும்வரை காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தார்கள். நொறுங்கிப் போயிற்று. இந்தியச் சரக்கு மட்டம் என்றார்கள் சிலர். ஊட்சில் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு. அதை மங்கிய சிவப்பிலேயே, பொறுமையாக, மெல்ல மெல்ல அடித்து நீட்டவேண்டும். நம் கொல்லனுக்குத் தெரிந்திருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை.

இலண்டன் கருவிக் கொல்லர் ஸ்டோடார்ட்டு மட்டும் பொறுமையோடு பழகி, ஊட்சிலே அறுவை மருத்துவக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்து விற்றார். அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. யார் அந்தப் பாரடே? மின்சார உலகின் தந்தை என்று பாடநூல் சொல்லும். கொல்லன் மகன் என்பதைப் பாடநூல் அழுத்திச் சொல்வதில்லை. 1819இல் ஊட்சைப் பகுத்துப் பார்த்த அவர், அலுமினியமும் சிலிக்காவும்தான் அதன் சிறப்புக்குக் காரணம் என்றெண்ணினார். பிழை! பாரீசு நாணயச்சாலையில் பிரயான் என்பவர் 1820களில் ஆராய்ந்து கரியே காரணம் என்றார். உருசிய நாட்டுச் சிலாத்தவூசுத்தில் அனோசாவ் ஆண்டுக்கணக்கில் உருக்கிப் பார்த்து 1841இல் நூல் எழுதினார். பாரடே சொல்லிவிட்டார் என்று யாரும் அந்தப் பிழையை வேதமாக்கவில்லை. பாரடேயும் அதை விரும்பியிருக்கமாட்டார்.

1998இல் அமெரிக்காவில் இன்னொரு கட்டுரை வெளிவந்தது. ஊட்சு வாளின்மேல் நீரோட்டம்போல் தெரியும் கோலம், தாதுவில் துளியளவே இருக்கும் வனேடியம் போன்ற கலப்புகளால் உண்டாவது. அந்தத் தாது தீர்ந்ததும் பழைய முறைப்படி செய்தும் கோலம் வராமல் போயிருக்கலாம் என்று அது விளக்கிற்று. கட்டுரையை எழுதிய மூவருள் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் பேராசிரியர் வெர்கோவன். மற்றவர் பென்றே, குதிரைக்கு இலாடம் அடிக்கும் கொல்லர். பேராசிரியரும் இலாடக்காரரும் ஒரே தாளில், ஒரே வரிசையில்!

நம் நாட்டில்? கொடுமணலில் பேராசிரியர் கா. இராசன் குழுவினர் நடத்திய அகழாய்வில் உலைகள் கிடைத்தன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் 1990களில் கண்டறிந்து ஆராய்ந்தார். உலை கிடைக்கிறது, மூசை கிடைக்கிறது, உருக்கியவன் பெயர் மட்டும் கிடைப்பதில்லை. கோயில் கட்டக் காசு கொடுத்தவன் பெயரைக் கல் சொல்லும். உளி அடித்தவன் பெயரைச் சொல்வது அரிது. கம்மாளரைப் பற்றிக் கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. என்ன பேசுகிறது? இனி நீங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று மன்னன் அருளுகிறான்! மன்னன் இடுப்பு வாளை வடித்தவன் இவன். உழவன் கைக் கொழுவை அடித்தவன் இவன். செருப்பணிய அரசாணை வேண்டியிருந்தது. எழுத்தறிவு அவன் வீட்டு வாயிலுக்கு எப்படி வந்திருக்கும்? தந்தையின் கண்ணிலிருந்து மகன் கண்ணுக்கு அறிவு போயிற்று. நடுவிலே ஒரு தலைமுறை பட்டறையை விட்டால் அறிவும் போயிற்று.

எழுதி வைத்தவன் வெள்ளைக்காரன். அவனுக்கும் தன் நோக்கம் உண்டு. ஈத்து என்ற ஆங்கில அதிகாரி சேலத்துக் கொல்லர் எஃகு செய்ததைப் பார்த்துக் குறித்தார். தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையை மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஓருலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதினார்களாம். ஆவாரைக்கு என்ன மந்திர சக்தி? ஒன்றுமில்லை. காற்றுப்புகாத மூசைக்குள் கட்டை கரியாகிறது, கரி இரும்பில் ஏறுகிறது. சேலத்துக் காட்டில் மலிவாகக் கிடைத்தது ஆவாரை, அவ்வளவுதான். அந்த ஈத்து, 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். கரிக்காகக் காடுகள் அழிந்தன, ஆலையும் நிலைக்கவில்லை. அவர் இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். செபீல்டு முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டு பணம் தர மறுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்காடி 1851இல் இறந்தார். சுரண்ட வந்தவனைச் சுரண்டியவர்களும் இருந்தார்கள்!

தெற்கே சிவகங்கைச் சீமையில் கொல்லனுக்கு வேறுவகையில் இடி விழுந்தது. மருதுபாண்டியர் காலத்தில் வேலும் வாளும் வளரியும் செய்த உலைகள் அவை. வளரி எறியவும் வேல் வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்னமருது என்று, பின்னாளில் அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலத் தளபதி வெல்சு 1830இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். 1801 திசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் கிளைவு பிறப்பித்த ஆணை, தென்சீமையில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஆயுதம் போயிற்று; அரிவாள் நின்றது. கதிர் அறுக்கவும் தேங்காய் வெட்டவும் கருவேலம் கழிக்கவும் அரிவாள் வேண்டுமே! வாளுக்குப் பழகிய கை அரிவாளில் இறங்கிற்று.

அந்த அரிவாளுக்கு இப்போது வந்திருக்கும் பெயரைப் பாருங்கள். திரைப்படக்காரர் சாதிச் சண்டைக்கும் பழிக்குப் பழிக்கும் அடையாளமாக்கிவிட்டார்கள். 2021 செப்டம்பரில், அரிவாள் வாங்குவோரின் பெயரும் முகவரியும் பதிந்து வைக்கும்படி தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களுக்குச் சொல்லிற்று. கொலை செய்பவனைத் தடுக்கவேண்டும், யார் மறுப்பார்? ஆனால் உழவனுக்கு அடித்துக் கொடுத்தவன் பதிவேட்டோடு நிற்கிறான். சாதி வெறியை ஊட்டியவனுக்குப் பதிவேடு இல்லை.

காரைக்குடியில் அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 சனவரியில் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பது எப்படி, தடுப்பது எப்படி என்பது அங்கே நெடுநாளாக நடக்கும் ஆராய்ச்சிகளுள் ஒன்று. இரும்பு நீரைக் குடித்த கதையைப் பாடிய மண்ணிலே, நீர் இரும்பைத் தின்னும் கதையை ஆராய்கிறார்கள். திருப்பாச்சேத்திக்கும் அந்த நிலையத்துக்கும் ஒருநாளில் போய் வந்துவிடலாம். பட்டறைப் பெரியவர் அங்கே போனதில்லை. நுண்ணோக்கியில் தம் அரிவாளின் முகத்தை அவர் பார்த்ததும் இல்லை.

எங்கள் கத்தியின் கதையை முடித்துவிடுகிறேன். மீதமிருந்த பட்டையில் இன்னொன்று அராவினோம். அந்திக்குப் பிறகு காய்ச்சினோம். காந்தம் விட்டதும் இன்னும் சற்றே நிறம் ஏறவிட்டு, இளஞ்சூடான கடலை எண்ணெயில் நேராக இறக்கினோம். புகை வந்தது; 'டிக்' சத்தம் வரவில்லை. அரத்தை வாயில் வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கிற்று. துலக்கி, வைக்கோல் நிறம் பழுப்பாகும்வரை வாட்டினோம். மறுநாள் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகத்தில் வைத்துப் பார்த்தார், முதுகைச் சுண்டி ஓசை கேட்டார், கருவேலங்குச்சி ஒன்றை வெட்டினார். வாயை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நுனியில சூடு கொஞ்சம் பத்தல. அடுத்ததுல பாத்துக்க" என்று திருப்பிக் கொடுத்தார்.